களவுபோன மூச்சு

பின்னேரம் நாலரை. கல்முனை உள்ளரங்கில் இன்ஸாபின் மூச்சு களவுபோனது.

நடக்கச் சொன்னாலும் ஓடுகிற பிள்ளை அவன். உதைபந்தாட்ட அணித் தெரிவுக்கான ஓட்டப் பரீட்சையில் பாதியும் தாண்டாமல் குனிந்து நின்றான். இரண்டு அடையாளக் கோன்களுக்கிடையே ஓடித் திரும்பி, ‘பீப்’ சத்தத்துக்குள் வந்துசேர வேண்டும். சற்று இளைப்பாறி மறுபடியும் ஓட வேண்டும். சத்தம் போகப் போக விரைவுபடும். இரண்டு தரம் பிந்தினால் வெளியே.

“ராவு முழுக்க போன் பாத்தா இப்பிடித்தான். கண்டிக்குப் போற அணியில உனக்கு இடமில்ல,” என்றார் பயிற்றுநர் முத்தலிப்.

“வல்லாஹி, நேரத்தோட படுத்தன் சேர்!” அவனுக்கு அழுகை முட்டியது.

மூலையில் கோல்காப்பாளன் சுஜீபன், சுருட்டிய பாய்களை மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் முதல் குழுவில் ஓடித் தேறியவன்.

‘பீப்’ சத்தம் போடும் பொறுப்பிலிருந்த முனவ்வறா டீச்சர் எழுந்தார். பரீட்சையில் பார்த்தெழுதுகிற எவனும் அவரிடம் தப்பியதில்லை.

“முதல் குழு நல்லா ஓடின. ரெண்டாம் குழு மூணு பேரும் விழுந்துட்டாங்க. என்ன காரணம்?”

“மத்த ரெண்டு பேரும் எப்பவும் அப்பிடித்தான் டீச்சர்,” என்றார் முத்தலிப்.

“இடையில என்ன நடந்த?”

“இங்கயே சேந்து ஜமாஅத்தா அஸர் தொழுதம்,” என்றான் இன்ஸாப்.

டீச்சர் தூரத்துக் கோனுக்குப் போய்க் குந்தினார். தரையில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒவ்வொரு நிறக் கோடு. நீலக் கோட்டில் சப்பாத்து தேய்த்த கறுப்புத் தடங்கள் அப்பிக் கிடந்தன. கோனோ அதற்கும் அப்பால், மஞ்சள் கோட்டில் நின்றது. அங்கே தடங்கள் கொஞ்சம்தான்.

“முதல் குழு கிறுகித் திரும்பின இடம் நீலக் கோடு. இவன் ஒவ்வொரு தரமும் ரெண்டு எட்டுக் கூட ஓடியிருக்கான். தொழுகைக்குப் பாய் விரிச்சது ஆரு?”

எல்லாருக்கும் தெரியும். கூட்டாளிகள் கைகால் கழுவி வுழூச் செய்து வருவதற்குள் பாய் விரித்து வைப்பவன், அணியின் ஒரே தமிழ்ப் பிள்ளையான சுஜீபன்தான். யாரும் கேட்டுச் செய்வதல்ல.

“நான்தான் டீச்சர். பாய்க்கு எடம் காணாம கோனை எடுத்தன். திருப்பி வைக்கக்குள்ள கோடு மாறிப்போச்சு. இன்ஸாப் விழக்குள்ளதான் விளங்கின.”

“உடனே சொல்லியிருக்கலாமே மகன்?”

“வேணுமெண்டு செஞ்சான் எண்டு நினைப்பீங்களெண்டு பயந்தன். அதுவும் நான்...”

அந்த ‘நான்’ எல்லாருக்கும் விளங்கியது. ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு நல்ல பிள்ளை இப்படிப் பயப்பட நேர்ந்ததே என்று டீச்சருக்கு நெஞ்சு கனத்தது.

“நாளைக்கு ரெண்டாம் குழு திரும்ப ஓடட்டும்,” என்றார் முத்தலிப்.

மறுநாள் தொழுகை முடிந்தது. வழக்கம்போல் சுஜீபன்தான் பாய் விரித்திருந்தான். ஆனால் கோன் பக்கம் போகவில்லை. இன்ஸாப் அதைத் தூக்கிவந்து அவன் கையில் திணித்தான்.

“நீயே வை மச்சான்.”

முத்தலிப் தூரத்தைச் சரிபார்க்க அளவுநாடாவை விரித்தார்.

“அது வேணாம் சேர்,” என்றான் இன்ஸாப். கோனைத் திரும்பியும் பாராமல் ஓடுகிற இடத்துக்குப் போனான்.