சத்தம் போடாத வீடு

பார்க்டேலில் அந்தப் பழைய செங்கல் வீட்டுக்கு நான் குடிபோனது தொண்ணூற்று நாலாம் ஆண்டு மார்கழியில். ஸ்பானிஷ் படிக்கத்தான். அந்த மொழியில் எனக்கு ஆசை ஒன்றும் கிடையாது. கனடாவுக்குக் கூட்டி வருகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் என் தம்பி சஞ்சீவனைக் குவாத்தமாலாவில் விட்டுவிட்டு ஓடிவிட்டான். தம்பி அங்கே மறியலில், கம்பி எண்ணிக்கொண்டு கிடந்தான். போன் எடுத்தால் காவலாளி ஸ்பானிஷில் கத்துவான், நான் ஆங்கிலத்தில் கெஞ்சுவேன், டொக்கென்று வைத்துவிடுவான். தம்பியின் பெயரைக்கூடச் சொல்லி முடிக்க விடமாட்டான்.

"எங்கட ஆட்களோடு இருந்தால் கெதியாகப் பிடிபடும்" என்று வேலையிடத்துச் சிலி நாட்டுக்காரி மக்டலீன் தனக்குத் தெரிந்த வேரோனிக்கா வீட்டில் அறை பிடித்துத் தந்தாள். வயதான புருஷன் பெண்சாதி. சாப்பாட்டு மேசையில் கதைத்துக் கதைத்தே பழக்குவார்கள் என்றாள்.

கதையா? அந்த வீட்டில் இருமினால்கூட கைத்துவாயை வாயில் பொத்திக்கொண்டுதான் இருமுவார்கள். உப்பு வேண்டுமென்றால் கிழவர் விரலால் காட்டுவார். நான் புத்தகத்தைப் பார்த்து ஒரு வசனம் சொன்னால் வேரோனிக்கா பதறிப்போய் என் கையைப் பிடித்து அமத்துவாள். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வாயைத் திறந்தால் முத்துக் கொட்டிப்போடுமே? அங்க என்ர தம்பி கிடந்து சாகிறான்!"

தமிழில்தான் கத்தினேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. மாடிப்படியைப் பார்த்தார்கள்.

ஆத்திரத்தோடு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஐந்து மணிக்கே வெளியில் இருட்டிவிட்டது. குழாய்களில் வெந்நீர் ஓடும் டக் டக் சத்தம் மட்டும். புத்தகத்தை விரித்து வேண்டுமென்றே உரத்து வாசித்தேன்.

"என் தம்பியோடு பேச வேண்டும்."

அலுமாரிக்குப் பின்னால், சுவருக்குள் இருந்து, ஒரு கிழவியின் குரல் அதையே ஸ்பானிஷில் திருத்திச் சொன்னது.

ஈரக் கம்பளி மணத்தது.

எனக்குப் பயம் வரவில்லை, சந்தோசம் வந்தது. பக்கத்து அறையில் வேரோனிக்காவின் தாய் படுக்கையில் கிடக்கிறாள் என்று நினைத்தேன். இந்த வீட்டில் மனுசத்தன்மை உள்ள சீவன் ஒன்றாவது இருக்கிறதே! பின்னேரங்களில் நான் கேட்டேன், அவள் சொன்னாள். அவள் கேட்டாள், நான் சொன்னேன். தை பிறக்க முன்பே நாக்கு வழிக்கு வந்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் நல்ல ஸ்பானிஷில் சொன்னேன்.

"உங்கள் அம்மா அருமையாகப் படிப்பிக்கிறா."

வேரோனிக்காவின் கரண்டி விழுந்தது. முதல்முறையாக அவள் என்னோடு ஒழுங்காகப் பேசினாள், அதுவும் காதுக்குள்.

"அம்மா இந்த வீட்டில்தான் செத்தா. சத்தம் கேட்டால் வருவா. அவ கேட்டதற்கு நீ பதில் சொன்னாயா?"

"ஓம். தினமும்."

"பதில் சொன்னவர்களை அவ விடமாட்டா."

முட்டாள்கள்! இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே! பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கண்ணீரோடு பஸ் ஏறி, ஸ்காபரோவில் சிநேகிதி துவாரகாவின் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் துவாரகா வேலைக்குப் போன பிறகு மறியலுக்குப் போன் எடுத்தேன். நல்ல வெயில், சன்னல் முழுக்கப் பனி மினுங்கியது. காவலாளியோடு தடங்கலில்லாமல் பேசினேன். அவனும் மரியாதையாகத்தான் பேசினான்.

"இரண்டு பேரும் ஒன்றாகப் பேசாதீர்கள், அம்மா" என்றான்.

கம்பளி மணத்தது.

"அக்கா!" தம்பியின் குரல். "வெள்ளிக்கிழமை விடுகினமாம்!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"ஓம், ஓம்" என்றான் தம்பி.

"ஆரோடையடா கதைக்கிறாய்?"

"உங்களுக்குப் பக்கத்தில நிக்கிற அம்மாவோட. நல்லாத் தமிழ் கதைக்கிறா. தன்னட்ட வாறியோ எண்டு கேட்டா. ஓம் எண்டு சொல்லிட்டன்."