செரிக்காத சோறு

காலையில் ஸ்டேஷன் போன் அலறியது.

"என் மனைவி செத்துக் கிடக்கிறா... யாரோ கழுத்தை நெரிச்சிருக்காங்க..."

பேசியவர் ஊரறிந்த வயிற்று டாக்டர். முதல் நாள் காலையிலிருந்து ஆஸ்பத்திரி டியூட்டி. விடிந்து வீடு திரும்பியவர், கூடத்தில் மனைவியைப் பிணமாகப் பார்த்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். கதவை யாரும் உடைக்கவில்லை. அக்கம்பக்கம் இல்லாத தனி வீடு, வெளியே பூட்டியிருந்தது. சாவி இரண்டு. ஒன்று டாக்டரிடம். மற்றது சமையல்காரம்மாவிடம்.

அவளை அடுத்த ஊரில், அக்கா வீட்டில் பிடித்தார்கள். முதல் நாள் மத்தியானம் டாக்டர் வீட்டம்மாவுக்குச் சோறு போட்டுவிட்டு நேராக பஸ் ஏறியதாகச் சொன்னாள். சாயந்திரத்திலிருந்து அவள் அங்கேதான் இருந்தாள் என்று அந்தத் தெருவே சொன்னது.

ஆக, கேள்வி ஒன்றுதான்.

உயிர் போனது எப்போது?

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரம்மா இரைப்பையைத் திறந்தார். சோறு பருக்கை பருக்கையாக அப்படியே கிடந்தது.

வயிற்று டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்ஸ்பெக்டருக்கு விளக்கினார்.

"மெல்லும்போதே எச்சில் சோத்தைக் கரைக்க ஆரம்பிச்சிடும் சார். அப்புறம் இரைப்பையில அமிலம் சுரந்து, கடைஞ்சு கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமா குடலுக்குத் தள்ளும். சாயந்திரம் வரைக்கும் இருந்திருந்தா இரைப்பை காலியாயிருக்கும். சாப்பிட்ட கையோட கொன்னுட்டாங்க..."

சாப்பிட்ட கையோடு...

அப்போது கூட இருந்தவள் சமையல்காரம்மா மட்டும்தான்!

லாக்கப்பில் அவள் அழுதுகொண்டே சொன்னாள். சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு போன் வந்ததாம். பேசி வைத்ததும் அம்மா அடுத்த வாய்ச் சோற்றை விழுங்க முடியாமல் தண்ணீர் கேட்டாளாம்.

"அம்மாவுக்கு புத்தி சரியில்ல, வெளிய ஓடிடுவாங்க, பூட்டிட்டுப் போன்னு ஐயா சொல்லியிருந்தாரு சார். பூட்டாதேன்னு அம்மா கையைப் பிடிச்சாங்க... நான்தான் உதறிட்டு வந்தேன்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. எத்தனை கதை கேட்டவர் அவர்!

அவள் லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயந்திரம் டாக்டரம்மா இன்ஸ்பெக்டரைப் பிணவறைக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

"செத்துப்போன பொண்ணோட கையைப் பாருங்க."

விரல் முட்டிகள் எல்லாம் கன்னிப்போய் வீங்கியிருந்தன. கதவைத் தட்டித் தட்டி வந்த காயம். இவ்வளவு வீங்க வேண்டுமென்றால் ரத்தம் வெகுநேரம் ஓடியிருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதாவது, பூட்டிய பிறகும் அவள் மணிக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறாள்.

"அப்போ சோறு ஏன் செரிக்கல?"

"பயம் சார். உயிர் பயம் வந்தா வாயில எச்சில் வத்திடும். இரைப்பையும் அப்படியே நின்னுடும். நேத்து சாயந்திரம் வரைக்கும் அவ பயந்துக்கிட்டே இருந்திருக்கா."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது வயித்து டாக்டருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியாம இருக்குமா? அதைத்தான் உங்ககிட்ட சொல்லாம விட்டிருக்காரு. நகத்துக்குள்ள தோல் இருக்கு. அவர் கையைப் பாருங்க."

வயிற்று டாக்டரின் முழுக்கைச் சட்டையை ஏற்றியபோது, முன்கை நெடுகக் கீறல்கள்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. குடித்துவிட்டு அவர் செய்த ஆபரேஷனில் ஒரு நோயாளி இறந்துபோனார். அதை போலீசில் சொல்லப்போவதாக மனைவி சொல்லியிருக்கிறாள். அவளுடைய செல்போனைப் பிடுங்கிக்கொண்டார். வீட்டு போனில் அழைப்பு உள்ளே வர மட்டும் விட்டு, வெளியே போகாதபடி செய்தார். பயத்தில் சோறு செரிக்காமல் நின்று, பழி சமையல்காரம்மா மேல் விழட்டும் என்று, சாப்பிடும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு, சாயந்திரம் வந்து கொல்லப்போவதாகச் சொன்னார். வார்டில் ஓய்வறைக் கதவைச் சாத்திவிட்டுப் பின்வாசலால் போய், சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பினார்.

சமையல்காரம்மாவை விட்டுவிட்டார்கள். அவள் போகவில்லை.

"பூட்டாம இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்களா சார்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

ஜீப்பில் விலங்கோடு உட்கார்ந்திருந்த வயிற்று டாக்டர் நெளிந்தார்.

"சார்... மத்தியானம் சாப்பிட்டது நெஞ்சுலயே நிக்குது."

"அவசரமே இல்ல டாக்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "செரிக்கிறதுக்கு ஆயுள் பூரா டைம் குடுப்பாங்க!"