இருபது நிமிஷம் நிறுத்தக் கூடாது

மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த டீச்சர் இரண்டரைக்கே வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கி, ஒர்க்‌ஷாப் வாசலில் கிடந்த எண்ணெய்க் கறையைத் தாண்டிக் கால் வைத்து, நேராக வண்டியிடம் போனார். பானெட் திறந்திருந்தது. புதிதாகப் பெயிண்ட் அடித்த இன்ஜின் உள்ளே பளபளத்தது.

"இன்னிக்கு ஓடிடுமா அண்ணா?"

"ஓடணும் டீச்சர்," என்றார் மெக்கானிக், வண்டியைப் பார்த்துக்கொண்டே.

அது டீச்சரின் கணவருடைய கார். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், ரயில் பாலத்துக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையில் அவரோடு சேர்ந்து மூழ்கிய கார். அதன்பின் ஷெட்டில் தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. போன மாதம் டீச்சர் வந்து, "ஒரு தடவையாவது இதை ஓட வைங்க அண்ணா" என்றபோது, மெக்கானிக் மறுபேச்சு பேசவில்லை. இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. மற்ற வண்டிகளை மச்சினன் தலையில் கட்டிவிட்டு, சாப்பாடு தூக்கம் மறந்து இதிலேயே கிடந்தார்.

காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு சுரங்கப்பாதைக்குள்ளிருந்து சார் கடைசியாகப் போன் பண்ணியது அவருக்குத்தான்.

"தண்ணி கதவு வரைக்கும் வந்துடுச்சு. ஆஃப் பண்ணிட்டு இறங்கிடட்டுமா?"

மெக்கானிக் அப்போது இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னார்: "ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க சார். அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது. அப்படியே மெதுவா வந்துடுங்க."

வண்டிக்குச் சரியான யோசனைதான்.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சும்மா சுற்றவிட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறும். மச்சினன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினான். நாற்பது வயது, வழுக்கைத் தலை, ஓயாத வாய். பிளக் இருந்த நான்கு ஓட்டைகளிலிருந்தும் காற்று மாறி மாறி வெளியே வந்தது. புஸ்... புஸ்... புஸ்...

"உங்க குறட்டை மாதிரியே இருக்கு மாமா!"

"போதும், விடு."

மோட்டார் நின்றது.

புஸ்... புஸ்...

நின்ற இன்ஜினிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஒரே சீராக இல்லை. ஓடி வந்து நின்றவன் வாங்கும் மூச்சு மாதிரி இழுத்து, தடுக்கி, மறுபடி இழுத்தது.

மச்சினன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "மாமா... நான் கையை எடுத்துட்டேன்."

"தெரியுது."

மெக்கானிக் ஓட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். காற்று சில்லென்று இருந்தது. பிறகு நின்றது.

புதுசுல இப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை.

பிளக்குகளை மாட்டி முடித்ததும் டீச்சர், "நானே ஸ்டார்ட் பண்றேன்" என்றார். மச்சினன் இறங்கி வழிவிட்டான்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க டீச்சர். முதல் இருபது நிமிஷம் நிறுத்தவே கூடாது. நிறுத்தினா புதுசா போட்டதெல்லாம் வீணாயிடும். ஆக்ஸிலேட்டரை ஒரே அளவா மிதிச்சுக்கிட்டே இருங்க."

இரண்டாவது திருகலிலேயே பற்றிக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. சூடேறிய புதுப் பெயிண்டும் எண்ணெயும் நீலப் புகையாக எழுந்தன. கண்ணாடிக்குப் பின்னால் டீச்சர் சிரித்தார். அவர் சிரித்து மெக்கானிக் பார்த்து ஐந்து வருடம் ஆகிறது.

எட்டாவது நிமிஷம் மச்சினன் பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டான். புகைக்குழாயில் தண்ணீர் சொட்டியது.

"முதல்ல கொஞ்சம் வரும்டா."

"கொஞ்சமா இது?"

சொட்டு தாரையாகியிருந்தது. கலங்கிய, பழுப்பு நிறத் தண்ணீர். சாக்கடையும் அழுகிய இலையும் கலந்த நாற்றம் பெட்ரோல் வாடையை அமுக்கிவிட்டு மேலே வந்தது.

மெக்கானிக் முன்னால் ஓடினார். இவ்வளவு நேரம் ஓடிய இன்ஜின். தொட்டுப் பார்த்தார்.

ஐஸ் மாதிரி இருந்தது.

கார் கண்ணாடிகளில் உள்பக்கமாக ஆவி படர்ந்துகொண்டிருந்தது. டீச்சரின் முகம் மங்கி மறைந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க, நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்தார். பேரிங் சத்தம் இல்லை. வால்வு சத்தம் இல்லை.

தட். தட். தட்.

யாரோ கண்ணாடியை முஷ்டியால் குத்தும் சத்தம். அதற்கும் அடியில், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல். பொறுமையான குரல்.

"ஆஃப் பண்ணிட்டு இறங்கிடட்டுமா?"

மெக்கானிக் காதை இன்னும் அழுத்தினார்.

"இறங்கிடட்டுமா?"

"ஆஃப் பண்ணுங்க சார்!" தொண்டை கிழியக் கத்தினார். "வண்டி போனா போகட்டும்! இறங்கிடுங்க! இறங்கி வந்துடுங்க சார்!"

இன்ஜின் நின்றது.

கூரைத் தகரத்தின் அதிர்வு அடங்கச் சிறிது நேரம் ஆனது. டீச்சர் கதவைத் திறந்து இறங்கினார். செருப்பும் பாதமும் நனைந்திருந்தன.

"நான் ஆஃப் பண்ணலை அண்ணா," என்றார் மெதுவாக. "சாவி தானா திரும்புச்சு." பிறகு, "யாரை இறங்கச் சொன்னீங்க?"

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். போன் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. மச்சினன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டீச்சர் கேட்டு முடித்தார். அழவில்லை.

"தெருவுல என்னைப் பார்த்தா எதிர்ப்பக்கம் போயிடுவீங்க. திமிருன்னு நினைச்சிருந்தேன்." புடவை நுனியைப் பிழிந்தார். "காலையில வந்து வண்டியை எடுத்துக்கறேன்."

"வேண்டாம் டீச்சர்," என்றான் மச்சினன்.

"அது என் வீட்டுக்காரர் வண்டி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் மெக்கானிக் ஷட்டரைத் தூக்கினார். தரை காய்ந்திருந்தது. டீச்சர் வந்து, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பெடல் எட்டுவதற்காக அவர் முன்னால் இழுத்துப் போட்டிருந்த சீட், கடைசி வரை பின்னால் போயிருந்தது. கால் நீண்ட ஆள் ஒருவர் வசதியாக உட்காரும் அளவுக்கு.

டீச்சர் சுற்றிக்கொண்டு போய், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நானே கொண்டுவந்து விடறேன் டீச்சர்," என்று மெக்கானிக் சாவியோடு டிரைவர் கதவை நோக்கிக் கை நீட்டினார்.

அவர் தொடுவதற்கு முன், கதவின் பூட்டு உள்ளிருந்து 'டக்'கென்று இறங்கியது.