வாயாடியும் வெள்ளைக் கோடும்

கறக்... கறக்...

பள்ளி வேன் பல்லைக் கடித்தது. ரிவர்ஸ் கியர் விழவே இல்லை.

பட்டறை வாசலில் பந்தும் பையுமாக நின்ற பத்துப் பெண்களின் முகமும் தொங்கிப்போனது. மூன்று மணிக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். போவதற்கு இந்த வேனை விட்டால் வேறு வண்டி கிடையாது.

"புது கிளட்ச் பிளேட் போட்டு, கியர்பாக்ஸை இப்பத்தானே ஏத்தினேன்," என்று மெக்கானிக் மாமா தலையைச் சொறிந்தார். "பாக்ஸுக்குள்ளதான் கோளாறு. மறுபடி இறக்கணும். வண்டி நாளைக்குத்தான்."

"இறக்க விடமாட்டேன்."

யார் சொன்னது என்கிறீர்கள்? வாயாடிதான். மாமாவின் அக்கா மகள், அணியின் கோல்கீப்பர். போட்டிருந்த கையுறையோடு போய், மாமாவின் கருவிப் பெட்டி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிடி. வேலை கெடுது."

"காரணம் சொல்லுங்க, எந்திரிக்கிறேன்."

"காரணமா? இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன்."

"அது வருஷக் கணக்கு மாமா. காரணம் எங்கே?"

டிரைவர் அண்ணன் சிரிப்பை மறைக்க இருமினார்.

வாயாடி அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கிளட்ச்சை மிதிச்சா எப்படி இருக்கு?"

"பாதி தூரம் காத்தை மிதிக்கிற மாதிரி இருக்கும்மா. அப்புறம்தான் கனக்குது."

"கேட்டீங்களா மாமா? பாதி மிதி வீணாப் போனா, மிச்ச மிதியில கிளட்ச் என்ஜினை எப்படி முழுசா விடும்? விடாட்டி கியர் கத்தத்தானே செய்யும்?"

"கிளட்ச் கேபிள் நட்டைச் சரியாத்தான் வெச்சேன். வெள்ளைக் கோடு வரைக்கும் முறுக்கினேன். நானே போட்ட கோடு."

"எப்போ போட்டீங்க?"

"போன வருஷம்... பழைய பிளேட் தேய்ஞ்சப்போ."

"அப்ப அது தேய்ஞ்ச பிளேட்டோட அளவு. புது பிளேட் தடிமனாச்சே. போன வருஷ அளவுல எனக்கு இப்ப சட்டை தைச்சா சரியா வருமா?"

மாமா மறுபடி தலையைச் சொறிந்தார்.

வாயாடி பள்ளிப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். டிரைவர் அண்ணன் வண்டியின் கையேட்டைப் புரட்டினார். கனம் தட்டும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம் இரண்டு சென்டிமீட்டர் என்று அதில் போட்டிருந்தது.

வாயாடி பெடலைக் கையால் மெல்ல அழுத்தி அளந்தாள். "ஏழு."

"ஒழுங்கா அளந்தியா?"

"நீங்களே பாருங்க."

மாமா குனிந்து பார்த்தார். ஏழுதான். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கினார்.

"இப்போ?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"அஞ்சு."

"இப்போ?"

"மூணு. இன்னும் கொஞ்சம்... ரெண்டு. நிறுத்துங்க."

"அதிகாரத்தைப் பாரு," என்று முணுமுணுத்தது குழி.

டிரைவர் அண்ணன் என்ஜினைக் கிளப்பி, கிளட்ச்சை மிதித்து, கியரைத் தள்ளினார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தமே இல்லை. வேன் பூனைபோலப் பின்னால் நகர்ந்தது. பத்துப் பேரும், பின்னாலேயே வாயாடியும் அடித்துப்பிடித்து ஏறினார்கள்.

மாமா பெயின்ட் டப்பாவோடு வந்தார். "ரெண்டு மணி ஆகுது, போ போ. சாயங்காலம் வண்டி வந்ததும் புதுசா ஒரு கோடு போட்டுடறேன்."

"கோடெல்லாம் வேண்டாம்." வாயாடி ஜன்னல் வழியாக ஸ்கேலை நீட்டினாள். "இதை வெச்சுக்கங்க. திங்கட்கிழமை கணக்குப் பீரியடுக்கு முன்னாடி எனக்குத் திரும்ப வந்தாகணும்."