பச்சையாக நின்ற நாற்பத்தொரு இடம்

வயல் முழுக்க மக்காச்சோளம் காய்ந்து சருகாகிவிட்ட அந்த ஆகஸ்டில், வெர்னாவின் மாடி ஜன்னலுக்கு நேரே, ஆள் நீளத்துக்கு நாற்பத்தொரு இடம் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. ஆழத் தோண்டி மூடிய மண் வறட்சியில் ஈரம் தங்கிப் பச்சையாக நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அயோவாவில் எல்லா விவசாயிக்கும் தெரியும். கவுண்டி என்கிற அந்த மாவட்ட நிர்வாகம் நடத்திய ஏழைகள் விடுதியில் செத்தவர்களைப் புதைத்த இடம் அது. கல்லில் எண் மட்டும்தான் இருந்தது. அந்தக் கற்களையும் பிடுங்கி எறிந்துவிட்டு உழுதவர் அவள் அப்பா.

பெயர்கள் ஒரே ஒரு தாளில் மிஞ்சியிருந்தன. கவுண்டியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்த வெர்னாவிடம் அது இருந்தது.

"வெறும் சதுப்புன்னு எழுதிடுக்கா," என்றான் தம்பி லைல், காலையில் காபியை உறிஞ்சிக்கொண்டே. "கல்லறைன்னு தெரிஞ்சா அப்புறம் நம்மள உழவே விடமாட்டானுங்க."

"அப்பா பண்ணது பாவம்டா."

"அந்தப் பாவத்துலதான நீ காலேஜுக்குப் போன?"

மத்தியானம் வெர்னா அந்தப் பெயர்த் தாளைப் பின்கட்டில் குப்பை எரிக்கும் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினாள். புத்தகத்தில் அந்த இடத்தைச் 'சதுப்பு நிலம்' என்று எழுதி முடித்தாள். தன் முகத்திலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

சாயங்காலம், வெயில் இறங்குமுன், மாடி ஜன்னலில் நின்று பச்சை இடங்களை மறுபடி எண்ணினாள். முப்பது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். பன்னிரண்டு. மற்ற இடமெல்லாம் சருகாகியிருந்தது.

அப்போது கீழே நிலவறையில், ஊறிவரும் தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்பு, மழை பெய்து ஏழு வாரமாகியும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கூடவே அழுகிய கோரையின் நாற்றம் ஒவ்வொரு படியாக ஏறி மாடிவரை வந்தது.

பம்பு திணறியது. நின்றது.

ஜன்னல் வழியே பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.

கீழே இறங்கிப்போய் நிலவறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

படி நெடுக நின்றார்கள். நெருக்கியடித்து. சேறு சொட்டச் சொட்ட. ஆளுக்கொரு எண் பொறித்த கல் கையில்.

மேல்படியில் நின்றவள் மட்டும் கல்லோடு ஒரு கைக்குழந்தையையும் இடுக்கியிருந்தாள். அதன் வாயிலிருந்து வெள்ளை வேர் தொங்கியது.

"இதுக்கு நான் ஒரு பேரு வெச்சேம்மா," என்றாள். "மறந்துபோச்சு. உங்கிட்ட எழுதி இருந்துச்சுல்ல?"

வெர்னா வாயைத் திறந்தாள். ஒரு பெயரும் வரவில்லை.

மேல்படியில் நின்றவள் குழந்தையை வெர்னாவிடம் நீட்டினாள்.