இறாலுக்கு ஒரு கும்பிடு

உதடு வீங்கி, காது சிவந்து, மழையில் தொப்பலாக நனைந்து அவன் அலர்ஜி கிளினிக்குக்குள் நுழைந்தபோது அவளுக்குப் பயத்தோடு சிரிப்பும் வந்தது. ஆனால் அந்தக் கண்கள்... அந்த முகத்தில் வீங்காமல் அழகாக மிச்சமிருந்தவை அவைதான்!

டாக்டர் ஊசி போட்டதும் வீக்கம் வடிந்தது. பரிசோதனைகள் செய்பவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தாள்.

"இறால் சாப்பிட்டீங்களா?"

"நான் கடல் உணவுக் கடை சமையல்காரங்க. கொதிக்கிற எண்ணெயில பொரிச்ச பிறகு அதுல என்ன இருக்கும்?"

"இது கிருமி இல்லைங்க, இறாலோட புரதம். எவ்வளவு கொதிச்சாலும் மசியாது. உங்களை மாதிரியே பிடிவாதம். இனிமே இறாலைத் தொடாதீங்க..."

"என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க!" விருட்டென்று எழுந்து மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அதன்பின் மழை பெய்தபோதெல்லாம் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. 'நல்லா இருக்கானா... சொல்பேச்சு கேட்காத ஜென்மம்!'

ஒருநாள் அவனே வந்து நின்றான். இறால் வெந்த சட்டியைத் திறந்தபோது, அந்த ஆவியிலேயே மூச்சு முட்டியதாம்.

"நீங்க சொன்னதுதான் சரி. இனிமே அடுப்புப் பக்கமே போக முடியாதா?"

அவன் கையில் இறால் சாறும் மீன் வகைகளின் சாறும் தனித்தனிச் சொட்டாக வைத்து, ஊசி முனையால் லேசாகக் கீறினாள். இருவரும் காத்திருந்தார்கள். இறால் வைத்த இடம் தடித்து எழும்பியது. மீன் வைத்த இடங்கள் அப்படியே இருந்தன.

"மீனோட புரதம் வேற. அது உங்களை ஒண்ணும் செய்யாது." டாக்டரும் ஆமோதித்தார்.

"என் அடுப்பை எனக்கே திருப்பிக் கொடுத்துட்டீங்க..." அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

மீன் மட்டும் சமைக்கும் கடை ஒன்றை அவன் திறந்தான். முதல் தட்டு அவளுக்கு.

"உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

"இறால்னா உசிரு. ஆனா விட்டுட்டேன்."

"அட, அலர்ஜி எனக்குத்தானே! நீங்க ஏன்...?"

அவள் தட்டையே பார்த்தாள். கன்னம் சுட்டது.

"இறால் சாப்பிட்ட உதட்டுல... அந்தப் புரதம் ஒட்டிக்கிட்டு இருக்கும்..."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. கரண்டி கைநழுவி விழுந்தது.

"எப்போலேர்ந்து விட்டீங்க?"

"நீங்க கோவிச்சுக்கிட்டு மழையில போனீங்களே... அன்னையிலேர்ந்து."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயோ, என்னைப் போயா?"

"உங்களையும்தான்... உங்ககிட்ட என்னை அனுப்பி வச்ச அந்த இறாலையும்தான்!"