பன்னிரண்டு நொடி எம்பளம்

அந்தக் காலத்தில் வீடியோ கேசட்டை டெக்கில் போட்டவுடனே படம் வந்துவிடாது. முதலில் கம்பெனியின் எம்பளம் வரும். ஒரு தாமரை விரியும், அல்லது ஒரு மயில் திரும்பிப் பார்க்கும், அல்லது எழுத்துகள் எங்கிருந்தோ பறந்து வந்து வரிசையாக நிற்கும். கூடவே டொய்ங் என்று ஓர் இசை. "ஓட்டிவிடுப்பா, கல்யாணத்தைப் பார்ப்போம்" என்பார்கள் பெரியவர்கள். பெரியவர்களுக்கு எப்போதும் அவசரம்தான்.

கோட்டையூரில் ஆறாம் வகுப்புப் படித்த வின்சிக்கு எம்பளம் என்றால் உயிர். தொலைக்காட்சியில் எம்பளம் சுழன்று வரும்போது வாயில் இருக்கும் சோற்றை மெல்லக்கூட மறந்துவிடுவாள். பள்ளி இடைவேளையில் தோழிகள் வட்டமாக உட்கார்ந்து விளையாடுவார்கள். ஒருத்தி எம்பளத்தின் இசையை மூக்கால் பாட, மற்றவர்கள் கம்பெனியின் பெயரைச் சொல்ல வேண்டும். வின்சி தோற்றதே இல்லை. கணக்கில் மட்டும் இந்தச் சாமர்த்தியத்தைக் காணோமே என்று, அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த அவள் அப்பா அமலதாஸ் சலித்துக்கொள்வார்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது அவர்கள் ஊர் கலைமதி வீடியோவின் எம்பளம். அதில் தாவணி கட்டிய ஒரு பெண் குனிந்து குத்துவிளக்கை ஏற்றுவாள். நிமிர்வாள். கை கூப்பிச் சிரிப்பாள். அவள் தலைக்கு மேல் 'கலைமதி வீடியோ, கோட்டையூர்' என்று மஞ்சள் எழுத்துகள் வந்து நிற்கும். மொத்தம் பன்னிரண்டு நொடி. அந்தப் பெண் வின்சியின் அக்கா பெல்சி.

பெல்சி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கலைமதியில் ஆல்பம் ஒட்டும் வேலைக்குப் போனாள். முதலாளி இருளாண்டிக்குச் சொந்தமாக எம்பளம் வைக்க ஆசை வந்தது. அதற்காக மதுரைவரை அலையச் சோம்பல்பட்டு, இவளையே விளக்குக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் பிடித்துவிட்டார். அதன் பிறகு ஊரில் யார் வீட்டுக் கல்யாணக் கேசட்டைப் போட்டாலும் பெல்சிதான் முதலில் வணக்கம் சொன்னாள். "நம்ம சார் மக" என்று ஊரே சொன்னது. அமலதாஸ் சாருக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

இரண்டாம் வருடம் தை மாதத்தில் பெல்சி, அப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள்.

அப்பா அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, குடும்பப் படத்தில் இருந்து பெல்சியை மட்டும் வெட்டி எடுத்தார். அவள் இருந்த மற்ற படங்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். திருப்பூரிலிருந்து வந்த இரண்டு கடிதங்களைப் பிரிக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். "அவ பேரை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்றார்.

வெட்டிய படம் சுவரிலேயே தொங்கியது. நடுவில் ஓர் ஆள் அளவுக்கு ஓட்டை. அதைக் கழற்றி வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. அந்த நாட்களில் வின்சிக்கு அப்பாவைப் பிடிக்கவே இல்லை.

ஒன்றரை வருடம் போனது. ஒருநாள் அம்மா இன்பமேரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"வின்சி, அக்காவுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல? இடதா, வலதா?"

"வலதும்மா. இல்ல, இடது..."

இருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

"பெத்தவளுக்கே மறந்து போச்சு பாரு. முன்னாடியெல்லாம் கண்ணை மூடுனா பளிச்சுன்னு வருவா. இப்பக் கலங்கலாத்தான் வாரா" என்றாள் அம்மா. தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

அம்மாவுக்கு அக்காவின் முகத்தை எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று வின்சி அன்றைக்கே முடிவு செய்தாள்.

மறுநாள் கலைமதிக்குப் போனாள்.

"மாமா, பழைய எம்பளம் இருக்கா?"

இருளாண்டி தலையைச் சொறிந்தார். "இல்ல தாயி. அது மேலயே இப்ப வர்ற ரோசாப்பூ எம்பளத்தைப் பதிஞ்சுட்டேன். உங்கப்பா வந்து இந்தா, இந்த ஸ்டூல்லதான் உக்காந்தாரு. அழிச்சு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல."

"பூ நல்லா இல்ல மாமா."

"எனக்கு மட்டும் தெரியாதா? என்னப்பா, முட்டைக்கோசு சுத்துதுன்னு கேக்குறாக."

வின்சி யோசித்துக்கொண்டே நடந்தாள். கடையில் இருந்ததை அழித்தாயிற்று, சரி. ஊரில் வீட்டுக்கு வீடு கொடுத்த கேசட்டுகளை யார் அழித்தார்கள்? அக்கா போவதற்கு முன்னால் கல்யாணம் நடந்த வீடுகளை விரல் விட்டு எண்ணினாள்.

முதலில் சின்னக்கண்ணு வீடு. அங்கே கல்யாணத்துக்கு மேலேயே கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்திருந்தார்கள். மணமக்கள் இருந்த இடத்தில் யாரோ பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்தது தேனம்மை வீடு. "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா எங்களைத்தான் வைவாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மூன்றாவதாக, பக்கத்துத் தெரு நாகஜோதி அக்கா. அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"வெள்ளிக்கெழமை சார் டியூசனுக்குப் போற நேரத்துல அம்மாவைக் கூட்டிட்டு வா. வெளிய மூச்சு விடக் கூடாது."

வெள்ளிக்கிழமை வின்சி அம்மாவிடம் சொன்னாள். "நாகஜோதி அக்கா கல்யாணக் கேசட்டுப் பார்க்க வரச் சொன்னாக."

"இப்ப எனக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்."

"முதல்ல எம்பளம் வரும்மா."

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தலைகூட வாராமல் கிளம்பிவிட்டாள்.

கேசட் ஓடியது. பெல்சி குனிந்தாள், விளக்கேற்றினாள், நிமிர்ந்தாள்.

"இடது கன்னம்" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்தால் அந்த நேரத்துக்குப் படம் போய்விடுமே என்று துடைக்காமலே பார்த்தாள்.

"இன்னொரு தடவை போடு தாயி."

மூன்றாவது தடவை ஓட்டியபோது பெல்சியின் நெற்றிக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

"இன்பமேரியக்கா, ஒரே இடத்தையே ஓட்டுனா டேப்பு தேஞ்சிரும். அப்புறம் மொகமே தெரியாமப் போயிரும்" என்றாள் நாகஜோதி.

பார்த்தால் தேய்ந்துவிடும், பார்க்காவிட்டால் மறந்துவிடும். என்ன கொடுமை இது. வின்சிதான் ஒரு வழி சொன்னாள். "வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்ப்போம்மா. நிறைய நாள் வரும்."

அப்படியே ஆயிற்று. வெள்ளிக்கு வெள்ளி, பன்னிரண்டு நொடி. அம்மா வாரம் முழுவதும் அதற்காகவே காத்திருந்தாள்.

நான்காவது வெள்ளியன்று டியூசன் பிள்ளைகள் யாரும் வரவில்லை. சீக்கிரமே திரும்பிய அப்பா, நாகஜோதி வீட்டு வாசலில் அம்மாவின் செருப்பையும் வின்சியின் செருப்பையும் பார்த்துவிட்டார். அவர் உள்ளே வந்தபோது பெல்சி விளக்கின் முன்னால் குனிந்துகொண்டிருந்தாள்.

"சார்... வாங்க சார்" என்று நாகஜோதி எழுந்தாள். வின்சியின் பக்கம் குனிந்து, "நிப்பாட்டு புள்ள" என்று முணுமுணுத்தாள்.

வின்சியின் விரல் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரும்பவே இல்லை. இந்த வாரத்துப் பன்னிரண்டு நொடி அம்மாவுடையது. யார் வந்து நின்றால் என்ன? வின்சி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். திருப்பவில்லை. பெல்சி நிமிர்ந்து, கை கூப்பிச் சிரித்தாள். எழுத்துகள் வந்து நின்றன. மேளச் சத்தத்தோடு நாகஜோதியின் கல்யாணம் தொடங்கியது.

"கெளம்புங்க" என்றார் அப்பா.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்தான் அவர் வாயைத் திறந்தார்.

"யாரு யோசனை?"

"என்னோடதுப்பா. அம்மாவை நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"எத்தனை நாளா?"

"நாலு வெள்ளி."

அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார். அடித்திருந்தால்கூட வின்சிக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. கத்தரிக்கோல் வைக்கும் அலமாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை திருப்பூரிலிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. அப்பா அதையும் பிரிக்கவில்லை. தபால்காரர் அதை வாங்கிப் பைக்குள் வைப்பதை அம்மா ஜன்னலோரம் நின்று பார்த்தாள். இந்த மனுஷர் மாறவே மாட்டார் என்று வின்சிக்கு ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை காலையில் அப்பா வழக்கம்போல வின்சியைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனார். நாகஜோதியின் தெருவைத் தாண்டியதும், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு டியூசன் முடிஞ்சு எட்மாஸ்டர் மீட்டிங் வச்சிருக்காரு. இனிமே வெள்ளிக்கெழமைன்னா மீட்டிங்தான். நான் வர ஏழு மணி ஆயிரும்னு அம்மாகிட்டச் சொல்லிரு."

தலைமையாசிரியர் திங்கட்கிழமையிலிருந்து லீவில் இருக்கிறார் என்பது பள்ளிக்கே தெரியும். வின்சி சைக்கிள் சீட்டை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"சரிப்பா, சொல்லிர்றேன்" என்றாள்.